முதுகுப் பக்கம் திறக்கும் சட்டை

அத்தை அந்த நீலச் சட்டையின் முதுகில் கத்தரிக்கோலை வைத்தபோது, நான் வேலைக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். சற்று முன்புதான் மாமா கத்தி ஓய்ந்திருந்தார். சட்டையைத் தரையில் விரித்து, கீழ் விளிம்பிலிருந்து மேல் நோக்கி அத்தை வெட்டிக்கொண்டு போனாள். துணி சுலபமாக விட்டுக்கொடுத்தது. காலரில் வந்ததும் கத்தரி திணறி நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினாள். 'கறக்' என்று ஒரு சத்தம். நல்ல சட்டை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டு வாங்கக் காத்திருக்கும் சிறுபிள்ளையின் முகம் அது. அப்போது அவளுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் அவருடையவையாக இல்லை. கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பேச்சு குழறி, ஒரு சொல்லுக்கே உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. அவர் வெறும் மேலோடு யார் முன்னாலும் இருந்தவரில்லை. தினமும் காலையில் இடது கையால் கொடியில் தொங்கும் சட்டையைக் காட்டுவார். மடங்கிப்போன கையைச் சட்டைக்குள் நுழைக்க அத்தை படும் பாடும், அந்த வலியில் மாமா போடும் கூச்சலும் அந்த வீட்டின் காலை நேரம் ஆகிவிட்டிருந்தன. அதற்காகத்தான் அன்று கத்தரியை எடுத்தாள். வெட்டிய இரண்டு விளிம்பிலும் நாடா வைத்துத் தைத்தாள். கை வழியையும் அடிப்பக்கம் திறந்துவிட்டாள். முன்னால் பட்டன்கள் பூட்டியபடியே இருக்க, மேலே போர்த்துவதுபோல் வைத்துப் பின்னால் முடிந்தால் போதும். கூச்சல் இல்லாமல் சட்டை ஏறிவிட்டது. அத்தை கண்ணாடியைக் காட்டினாள். மாமா வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியில் முழுச் சட்டை போட்ட ஒரு மனிதர் இருந்தார்.

நான் ஆரணியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த புதிது அது. பாரிவாக்கத்தில் தங்கை வீடு இருக்க விடுதி எதற்கு என்று அப்பா என்னை அங்கே விட்டார். அத்தையின் ஒரே மகள் கல்யாணமாகிக் கோவைப் பக்கம் போய்விட்டிருந்தாள். மாமாவின் குடும்பம் பாரிவாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு, மிச்சமிருந்த இடத்தில் தெருவைப் பார்த்த முன் பாதியில் மாமாவின் அண்ணனும், பின் பாதியில் மாமாவும் வீடு கட்டியிருந்தார்கள். அத்தை வீட்டிலிருந்து வெளியே போக வேண்டுமானால் பெரிய மாமாவின் வீட்டை ஒட்டிய சந்தில் நடந்து, அவருடைய இரும்பு கேட்டைத் தாண்ட வேண்டும். இரண்டு சிறிய அறைகள். மாமா கிடந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அண்ணன் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறந்தது. திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

மாமாவின் கட்டிலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். பேச வராததால் அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்குத் தட்டுவார், புரட்டிப் படுக்க வைக்கத் தட்டுவார், ஒன்றும் வேண்டாமலும் தட்டுவார். அந்தச் சத்தத்தின் எல்லைக்குள்தான் அத்தை வாழ்ந்தாள். முதல் மாதங்களில் ஒருமுறை ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது மாமா தானே எழ முயன்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தார். அதற்கப்புறம் நான் வீட்டில் இருந்தாலொழிய அத்தை கேட்டைத் தாண்டவில்லை. நான் இருந்தாலும் காய்கறி வண்டி வரைக்கும்தான்.

"ரோட்ல பஸ்ஸு போற சத்தம் கேக்குதில்ல பாப்பா, அதுல ஏறி உக்காந்த மாதிரி கனா வருது எனக்கு" என்றாள் ஒருமுறை, கீரை ஆய்ந்துகொண்டே. "எங்க போறேன்னு தெரியல. சும்மா உக்காந்துகினு போறேன். அவ்ளோதான் கனா." ஆரணிப் பேச்சோடு கல்யாணமாகி வந்தவள். 'கீது'வும் 'இன்னா'வும் இந்த வீட்டுக்கு வந்தபின் ஒட்டிக்கொண்டவை.

மாமாவுக்கு உடற்பயிற்சி கொடுக்கக் குமணன்சாவடியிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வருவார். எல்லோருக்கும் அவர் பிசியோ மேடம். அந்தச் சட்டையை முதலில் கவனித்தவர் அவர்தான். மாமாவைப் புரட்டியபோது முதுகில் நாடாவைப் பார்த்துவிட்டுக் கையால் தடவினார்.

"இத யாருக்கா தச்சாங்க?"

"நாந்தான் மேடம். நல்ல சட்டைய கிழிச்சிட்டேன்னு இவரு அண்ணன், எங்க மூத்தாரு, இன்னும் திட்டிகினு கீறாரு."

"பூந்தமல்லில ஒரு அம்மா இடுப்பு உடைஞ்சு படுத்திருக்காங்க. நைட்டி மாத்தறதுக்குள்ள அவங்களும் அழறாங்க, மருமகளும் அழுவுது. அவங்களுக்கு ஒண்ணு தச்சுக் குடுங்களேன்."

அத்தை தயங்கினாள். கல்யாணத்துக்கு முன் ரவிக்கை தைத்தவள். கட்டிலுக்கடியில் துணி மூடிக் கிடந்த பழைய மெஷினை இழுத்து எண்ணெய் விட்டாள். பார்க்காத ஒருவருக்கு, பிசியோ மேடம் கையால் காட்டிய அளவை வைத்து ஒரு நைட்டி தைத்துக் கொடுத்தாள். அடுத்த முறை வந்தபோது மேடம் மெதுவாகத்தான் சொன்னார். முடிச்சு முதுகுக்கடியில் மாட்டி, அந்த அம்மாவுக்குத் தோல் சிவந்து தடித்துவிட்டதாம். "நோவுல கீறவங்கள இன்னும் நோவடிச்சிட்டேனே" என்று அன்று முழுக்க அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் அத்தை மல்லாந்து கிடந்தாள். அதேபோல இன்னொரு நைட்டி போட்டிருந்தாள். கண் திறந்திருந்தது, உடம்பு அசையவில்லை. பையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயப்படாத. எங்க குத்துதுன்னு பாக்கறேன்" என்றாள், தலையைக்கூடத் திருப்பாமல். "அவங்களால பொரள முடியாதில்ல? அதான் நானும் பொரளாம படுத்துகினு கீறேன். மதியத்துலேர்ந்து."

கொசு ஒன்று அவள் நெற்றியில் உட்கார்ந்தது. நான் விரட்டப் போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். சற்று நேரம் கழித்து, குரல் மாறி, "பாப்பா, இங்கேர்ந்து பாத்தா இன்னா தெரியுது தெரியுமா?" என்றாள். "செவுரு தெரியுது. ஃபேன் தெரியுது. திரும்பியும் செவுரு. இந்த மனுசன் இத்தத்தான் பாத்துகினு கீறாரா இத்தினி நாளா?"

அதே அறையில் இரவும் பகலும் இருந்தவள்தான். குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, அவர் உடம்பின் ஒவ்வொரு மடிப்பும் அறிந்தவள்தான். ஆனாலும் அவர் இருந்த இடத்திலிருந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. எழுந்தபோது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்தான் கைகொடுத்துத் தூக்கினேன். அன்று மாலையே இருவருமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு சுவர்தான் எதிரே வந்தது. ஆனால் துணியின் ரகசியம் அன்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. உடம்பின் பாரம் விழும் இடத்தில் தையலோ முடிச்சோ இருக்கக் கூடாது. எல்லாம் விலாப் பக்கம் ஒதுங்க வேண்டும். துணியைப் பலமுறை துவைத்துப் பழந்துணிபோல மெத்தென்று ஆக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். அப்படித் தைத்த இரண்டாவது நைட்டி பூந்தமல்லி அம்மாவுக்குச் சரியாக அமைந்தது.

பிறகு ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்பாவுக்காக மகன்கள், மாமியாருக்காக மருமகள்கள், விபத்தில் கால் போன தம்பிக்காக ஒரு அக்கா. எல்லோரும் அவசரமாகப் பேசினார்கள். எல்லோருக்கும் வீட்டில் யாரோ காத்திருந்தார்கள். அத்தை அவர்களிடம் முதலில் துணியைப் பற்றிக் கேட்கமாட்டாள். எந்தக் கை வரும், எந்தப் பக்கம் புரளுவார், வாய்விட்டுச் சொல்வாரா, முகத்தைச் சுளிப்பாரா என்றுதான் கேட்பாள். ஊரெல்லாம் அடைந்து கிடக்கும் மனிதர்கள் அவளுடைய அந்த இரண்டறை வீட்டுக்குள் வந்து சேர்ந்ததுபோல எனக்கு இருக்கும்.

பெரிய மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தம்பி விழுந்தபோது கையில் ஏந்திக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவர் அவர்தான். ஆனால் தம்பியின் கேவலத்தை வீட்டுப் பெண் கடை போட்டு விற்கிறாள் என்று அவருக்குப் பட்டது. சந்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"எந்தம்பி சட்டைய கிழிச்சிகினு யாவாரம் பண்றியா? கண்டவனும் உள்ள வந்து போறதுக்கு இது இன்னா சந்தையா?"

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் கேட்டில் பூட்டு தொங்கியது. வந்தவர்கள் வெளியே நின்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். தைத்த துணியைப் பிசியோ மேடம் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே பூட்டு என்றால் உள்ளே டம்ளர். மெஷின் ஓட ஆரம்பித்தால் போதும், மாமா தட்டத் தொடங்குவார். மெஷின் நின்றால் அவரும் நிறுத்துவார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து நிறைய உடுப்புகள் கேட்டிருந்தார்கள். அதுதான் முதல் பெரிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை தைக்க உட்கார்ந்தாள். தட்டல் கேட்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம். தலையணையைச் சரிசெய்தாள், வேண்டாம். திரும்பி வந்து பெடலில் கால் வைத்தாள். மறுபடி தட்டல். இப்படியே ஊசி ஒரு சட்டைக் கையைக்கூடத் தைத்து முடிக்கவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ முறை அத்தை எழுந்து போய்க் கட்டில் எதிரே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து மாமாவை 'நீங்க' என்று மட்டுமே அழைத்தவள் அவள்.

"நீ இந்தக் கட்டில்ல மாட்டிகினு கீற. நான் உன்னாண்ட மாட்டிகினு கீறேன்" என்றாள். கத்தவில்லை. "உன்ன வுட்டுட்டுப் போவ மாட்டேன். போவணும்னு நெனச்சதும் இல்ல. ஆனா அந்த மெஷினாண்ட உக்காந்தா மட்டுந்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருது. அதையும் புடுங்கிக்கினா நான் எங்க போவேன்? நீயே சொல்லு."

மாமா டம்ளரைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். நான் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமா டம்ளரைப் படுக்கையில் வைத்தார். இடது கையை நீட்டி, காலண்டர் தொங்கிய பின் சுவரைக் காட்டினார். அத்தை காலண்டரை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மாமா தலையை ஆட்டிவிட்டு மறுபடி காட்டினார். பிறகு விரல்களை மடக்கி, காற்றில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு வெற்றுப் பாதை இருந்தது. புதிதாக மனை பிரித்த நகர்களுக்குப் போகும் வழி. அத்தை காலண்டரை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தபோது அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பின் சுவரை உடைத்து வாசல் வைக்க நூம்பலிலிருந்து கொத்தனார் வந்த காலையில் பெரிய மாமா குறுக்கே நின்றார். அப்பா விட்டுப்போன மனை, வாசலை மாற்றக் கூடாது என்றார். கொத்தனார் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். பெரிய மாமா கட்டிலருகே குனிந்து, "தம்பி, நீ சொல்லு. உன் வாயால சொன்னா நான் போய்ட்றேன்" என்றார். தம்பியால் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியும். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணிக்கொண்டு போனது. எச்சில் ஒழுகியது. அத்தை துடைக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டார்.

"ஒ... ஒ... ஒடை."

பெரிய மாமா வெளியே போனார். அந்தப் புது வாசல் வழியாக அவர் வந்தது பிறகு ஒரே ஒருமுறைதான். அது மாமா இறந்த அன்று.

சுவர் விழுந்து தூசி அடங்கியதும் வெயில் நேராகக் கட்டில் வரைக்கும் வந்தது. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டார். பாதையில் தண்ணீர் லாரி ஒன்று சிந்திக்கொண்டே போனது. புது அடுக்கு வீட்டுக்காரர் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூட வேன் வந்தது. மாமா எதையும் விடவில்லை. சாப்பாடு ஊட்டும்போதுகூட அத்தையின் கையை ஒதுக்கி எட்டிப் பார்த்தார். 'படுக்கையில் இருப்பவர்களுக்கு உடைகள் தைக்கப்படும்' என்று ஒரு சிறு பலகை எழுதி மாட்டினோம். வாசலில் இப்படியொரு பலகையா என்று எதிர் மனைக்காரர் முகம் சுளித்தார். அத்தை கழற்றவில்லை.

கடை வந்தது, அத்தைக்கு விடுதலையும் வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மாமாவைப் பார்ப்பதோடு மெஷினும் சேர்ந்துகொண்டது. முழங்கால் வீங்கியது. பேரனுக்குக் காது குத்தியபோது கோவைக்குப் போக முடியவில்லை. போனில் வந்த படத்தைப் பெரிதாக்கி, குழந்தையின் காதை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில நாட்கள் மெஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "ஒண்ணுல்ல" என்பாள்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை மட்டும் நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. சட்டையின் விலாப் பக்க முடிச்சை மாமா இடது கையால் இழுத்து இழுத்துப் பார்ப்பார். அவர் அவிழ்க்கப் பார்க்கிறார் என்று அத்தைக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அதுவரை அவள் தைத்ததெல்லாம் போட்டுவிடுகிறவர்களின் வசதிக்காக. போட்டுக்கொள்கிறவரின் கைக்கு ஒன்றுமில்லை. முடிச்சை எடுத்துவிட்டு, இடது கை எட்டும் இடத்தில் பிரித்தால் 'பர்'ரென்று சத்தம் போடும் ஒட்டுப்பட்டையை வைத்தாள். மாமா ஒரே இழுப்பில் பிரித்து, சட்டையைத் தானே உருவித் தரையில் எறிந்தார். வெறும் மேலோடு உட்கார்ந்துகொண்டு கோணிய வாயால் சிரித்தார். வெறும் மேலைக் காட்டாத மனிதர். "நல்லா கீது போ!" என்று திட்டிக்கொண்டே அத்தை எடுத்துக் கொடுத்தாள். மறுபடி எறிந்தார். அன்று பலமுறை அது நடந்தது. அதற்குப் பிறகு, ஒரு கையாவது விளங்குகிறவர்களுக்கு அவள் தைத்த துணியெல்லாம் அவர்களே பிரிக்கும்படிதான் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி அம்பத்தூருக்குப் போன சில வருடங்களில் மாமா போனார். தூக்கத்திலேயே, விடியும்போது. உடம்பைக் குளிப்பாட்ட வந்தவர்களில் ஒருவர், விறைத்த கையிலிருந்து சட்டை கழலாது என்று கத்தரிக்கோல் கேட்டார். "வேணாம்" என்றாள் அத்தை. "அது தொறக்கும்." அவளே போய்ப் பிரித்தாள்.

இனி உனக்கு விடுதலை என்று வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் சொன்னார்கள். மகள் கோவைக்கு அழைத்துப் போனாள். அத்தை சீக்கிரமே திரும்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாயே, கனவில் வந்த மாதிரி இருந்ததா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "கதவு தொறந்துதான் கீது பாப்பா. காலுதான் பழகல" என்றாள்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். கட்டில் கிடந்த இடத்தில் மூன்று மெஷின்கள். வேலைக்கு வரும் இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டில் மாமனார் படுக்கையில் கிடக்கிறார், அதனால் அவள் பாதி வேலையை வீட்டுக்கு எடுத்துப் போவாள். போன மாதம் நான் போயிருந்தபோது பட்டாபிராமிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷனுக்கு வாதம் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றனவாம். புடவை ஒருபக்கம் ஈரமாக இருந்தது, தலை வாரியிருக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சட்ட ரெடியாக்கா?"

"வூட்ல யாரு கீறாங்க இப்ப?"

"பக்கத்து ஊட்டு அக்காவ உக்கார வெச்சிட்டு வந்துகீறேன். மத்தியானம் வரைக்கும் இருக்கிறேன்னாங்க."

அந்தச் சட்டை மடித்து, பையில் போட்டு, அத்தையின் கைக்கு எட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேல பாக்கி கீதும்மா" என்றாள். "நல்லா சாஞ்சி உக்காரு. ஆனதும் சொல்றேன்."

அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்தாள். டீ வந்தது, குடித்தாள். வெளியே போகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. அத்தை பெடலிலிருந்து காலை எடுத்தாள். மற்ற இரண்டு பெண்களும் சொல்லாமலே நிறுத்தினார்கள். பாதையில் வளைவில் திரும்பிய வேன்காரன் ஹாரன் அடிக்கக் கை வைத்தான். அத்தை எழுந்து வாசலைத் தாண்டி, பாதை நடுவே போய் நின்று, மெதுவாகப் போ என்று அவனுக்குக் கையைக் காட்டினாள்.